அன்புள்ள மகன் சுப்பிரமணியத்துக்கு

சென்னிமலை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீ பேசி 23 நாட்கள் ஆகின்றன; அம்மா எண்ணிக்கொண்டிருப்பதால் எனக்கும் கணக்குத் தெரிகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே. எதையும் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை.

உன் பெயரைப் பற்றியே சில நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பாருவின் பெயர் என்பதாலும், மலையேறி வேண்டிப் பெற்ற பிள்ளை என்பதாலும் அதை வைத்தோம். பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 1910-இல் பிறந்த சி. சுப்பிரமணியத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்லாத நாளில்லை. ஆனால் 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை வரவழைத்த மந்திரி என்ற பாதிக் கதையைத்தான் சொன்னேன். மறு ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார் என்பதையும், நாடு அதுவரை காணாத விளைச்சல் 1968-இல் களத்துக்கு வந்தபோது அவர் மந்திரியாக இல்லை என்பதையும் சொன்னதே இல்லை. பாரத ரத்னா கிடைத்தது 1998-இல்தான்.

பாரதியாரும் உன் பெயர்க்காரர். 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் அவர் தமிழாசிரியராக இருந்தது சில மாதங்கள்தாம். நம் ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வாசகசாலையில் ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்று 1921-இல் அவர் பேசிய இடத்தை உனக்குக் காட்டியிருக்கிறேன்.

ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியனைப் பற்றி எனக்கே அண்மையில்தான் தெரிந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தவர், விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளில் இடமில்லை என்றாகிவிட்டது. 1944-இல் சாந்திநிகேதனுக்குப் போய் ஓவியம் கற்கத் தொடங்கினார். 2012-இல் பத்ம விபூஷண் பெற்றார். அந்தப் படிப்பு நின்றபோது அவருடைய தகப்பனார் என்ன சொல்லியிருப்பார் என்று இரண்டு இரவுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வேலையை விட்டவர்களாகத் தேடிப் பிடித்து எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதே. ஊரில் யார் என்ன சொன்னாலும் உன் வாயால் கேட்காமல் நான் எதையும் நம்புவதில்லை. தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை மூன்று ஆண்டுகள் நீதான் கட்டினாய்; அதைச் சந்தையில் பலரிடமும் பெருமையாகச் சொன்ன நான், உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேனா? நீயும்தான் எதையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். மேற்குத் தோட்டத்தில் உன் பெயரே கொண்ட பையனுக்கு 470, உனக்கு 312. “பெயர் மட்டும்தான் ஒன்று” என்று திண்ணையில் நாலு பேர் முன்னிலையில் சொன்னேன். நீ உள்ளே போய்விட்டாய். அதன்பின் உன் நோட்டுகளில் ‘மணி’ என்று மட்டுமே எழுதியிருந்ததைப் பார்த்தேன், பார்த்தும் கேட்கவில்லை. பெரியவர்களின் பெயர்களை அடுக்கி அடுக்கி, உன் பெயரை நானே உனக்குச் சுமையாக்கிவிட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது, கண்ணு. அது என் தவறு.

கடிதத்தின் உறையில் உன் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன். உன்னுடன் தங்கியிருப்பவர்களுக்கு அது தெரியாமல் போகலாம் என்பதால், பக்கத்தில் மணி என்றும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா