செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. நம் வண்டிகளில் காட்டுப்பாதைப் பயணங்கள் ஐந்து நடந்தன. முதலுதவிப் பயிற்சியும் நடந்தது.

மழைக்காலப் பயணத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். சேற்றுப் பள்ளத்தைக் கடந்த அரைமணி நேரத்தில் ஓர் உறுப்பினரின் ஜீப் கொதித்து நின்றது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவு சரியாக இருந்தது, அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டிலும் பழுதில்லை. முந்தைய பயணத்தின் சேறு, கூலன்ட்டின் சூட்டைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டரின் தகடுகளுக்கு நடுவே காய்ந்து இறுகியிருக்க, புதுச் சேறு அதன்மேல் அப்பிக்கொண்டது. ஊர்ந்து செல்லும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்காது. ஃபேன் இழுக்கும் காற்றுதான் துணை. அந்த வழியும் அடைபட்டுவிட்டது. வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டபோதே ஏசியை அணைத்து, என்ஜின் சூட்டை வெளியே இழுக்கும் ஹீட்டரை முழுவேகத்தில் திருப்பி, வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். மேட்டை ஏறிவிடலாம் என்று மிதித்ததில் என்ஜினின் தலைப்பகுதியைக் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிற்று. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனவரின் கையைப் பிடித்து இழுத்தவன் நான். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கூலன்ட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியே முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

வண்டி கழுவும் மேடை வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு அந்த நாள்தான் காரணம். வீண்செலவு என்று செயற்குழுவிலேயே சிலர் சொன்னார்கள். இப்போது கட்டியிருக்கும் மேடையில் வண்டியை ஏற்றிவிட்டால் அடிப்பாகம் முழுவதும் கைக்கு எட்டுகிறது. சேறு ஈரமாக இருக்கும்போதே, ரேடியேட்டரை என்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவான நீர்வீச்சில் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிக் காற்றுவழி நிரந்தரமாக அடைபடும். பிரேக், ஆல்டர்னேட்டர், ஃபேன் பெல்ட் ஆகியவற்றில் ஒட்டிய மண்ணையும் அங்கேயே பார்த்து எடுத்துவிடலாம். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் ஆயில் பால்நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். டிஃபரென்ஷியல் இருக்கும் ஆக்சில் சூடாகக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது, ப்ரீதர் என்னும் காற்றுத் துளை வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதன் குழாயை உயரத்துக்கு நீட்டிக் கட்டும் வேலையை மூன்று வண்டிகளுக்கு நானே செய்து கொடுத்தேன். மேடையில் ஒழுங்காகக் கழுவிய வண்டிகளில் ஒன்றுகூட அதன் பிறகு கொதிக்கவில்லை.

ஆனால் பயணம் முடிந்ததும் மேடைக்கு வருபவர்கள் அதே ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் நாளைக்குக் கழுவிக்கொள்வதாகச் சொல்லிப் போய்விடுகிறார்கள். அடுத்த பயணத்தில் வண்டி நின்றால் கயிறு கட்டி இழுக்க அந்த ஏழெட்டுப் பேர்தான் வர வேண்டியிருக்கிறது. சந்தா பாக்கிப் பட்டியலிலும் பெரும்பாலும் மேடைக்கு வராதவர்களின் பெயர்களையே காண்கிறேன். இது என்னை மிகவும் வருத்துகிறது.

வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன. மேடைக்குச் சேமிப்பிலிருந்து எடுத்த தொகை இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. அவருக்கும், தலைவருக்கும், இழுவைக் கயிறுகளைப் பராமரித்த இளைஞர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டாவது நீர்க்குழாயும் மேடைக்குக் கூரையும் தேவைப்படும். இந்தப் பொறுப்பில் நான் தொடர வேண்டும் என்று சிலர் அன்போடு கேட்டிருக்கிறார்கள். தனியாளாக இனி முடியாது. மேடைப் பொறுப்பை முறைவைத்து ஏற்க விரும்புவோருக்கான தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது.

செயலாளர்