போர்டு சூடாவது ஏன், அதை முன்கூட்டியே எப்படிப் பார்க்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

நான்கு லேயரோ (செம்பு அடுக்கு) அதற்கு மேலோ உள்ள சர்க்யூட் போர்டுகளை வடிவமைக்கக் கொடுக்கும் உங்களிடம் சில மாதங்களாகப் புதிதாகச் சில கேள்விகள் கேட்டு வருகிறோம். எந்தப் பாகம் எத்தனை வாட் வெப்பம் விடும்? போர்டு எந்தப் பெட்டிக்குள் போகிறது? அந்தப் பெட்டி வெயிலில் நிற்குமா? "எல்லாம் டேட்டாஷீட்டில் (பாகத்தோடு கம்பெனி தரும் விவரத்தாள்) இருக்கிறதே, இதற்காக வேலையை ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று சிலர் போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, எங்கள் கையில் நடந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறோம்.

போன கோடையில் நாங்கள் செய்து கொடுத்த பம்ப் கன்ட்ரோலர் போர்டு ஒன்று திரும்பி வந்தது. 50க்கு 40 மி.மீ., நான்கு லேயர். தோட்டத்துக் கம்பத்தில் மாட்டிய தகரப் பெட்டிக்குள் அது இருந்தது. காலையில் நன்றாக ஓடும். மதியம் இரண்டு மணி வாக்கில் நின்றுவிடும். பொழுது சாய்ந்ததும் யாரும் தொடாமலே மறுபடி ஓடும். எங்கள் மேசையில் மூன்று நாள் ஓடவிட்டோம், ஒரு முறைகூட நிற்கவில்லை. அப்புறம்தான் போர்டைத் திருப்பிப் பார்த்தோம். ரெகுலேட்டர் இருக்கும் மூலையின் அடியில், போர்டின் மேலுள்ள பச்சைப் பூச்சு (சோல்டர் மாஸ்க்) ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பழுப்பேறியிருந்தது.

அந்த ரெகுலேட்டர் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குகிறது. 250 மில்லி ஆம்பியர் கொடுக்கிறது. மிச்ச 7 வோல்ட்டும் வெப்பமாகத்தான் போக வேண்டும்: 7 × 0.25 = 1.75 வாட். வாட்டுக்கு 30 டிகிரி ஏறும் என்றது டேட்டாஷீட். அப்படியானால் 52 டிகிரி ஏறும். வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் மொத்தம் 92தான். பாகமோ 125 வரை தாங்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, சரி என்று அனுப்பியது நாங்கள்தான்.

முதல் பிழை அந்த 30 என்ற எண்ணில் இருந்தது. பாகம் செய்யும் கம்பெனிகள் அதை ஜெடெக் என்ற மின்னணுத் தர அமைப்பின் விதிப்படி, ஒரு குறிப்பிட்ட சோதனைப் போர்டில், அசையாத காற்றில் அளக்கின்றன. அந்தப் போர்டு 76.2க்கு 114.3 மி.மீ. எங்கள் போர்டைவிட நான்கு மடங்குக்கும் மேல் பெரியது. உள் லேயர் இரண்டும் முழுச் செம்பு. ஒரு பாகத்தை இன்னொரு பாகத்தோடு ஒப்பிடத்தான் அந்த எண் உதவும். உங்கள் போர்டில் எவ்வளவு சூடாகும் என்று அது சொல்லாது. காற்றடிக்காத இடத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 10 வாட் வெளியே விடும். எங்கள் போர்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து 0.004 சதுர மீட்டர். 1.75 வாட் வெளியேற, போர்டு முழுவதும் சராசரியாக 44 டிகிரி ஏறியே ஆக வேண்டும். ரெகுலேட்டர் இருக்கும் இடம் அதற்கும் மேல். வெயிலில் வைத்து அளந்தபோது பெட்டிக்குள் இருந்த காற்றே 62 டிகிரி காட்டியது.

இரண்டாவது பிழைதான் எங்களை அதிகம் உறுத்தியது. ரெகுலேட்டரின் வெப்பம் அடியிலுள்ள வயாக்கள் (லேயர்களை இணைக்கும், உள்ளே செம்பு பூசிய துளைகள்) வழியாக இரண்டாவது லேயரான கிரவுண்ட் பிளேனுக்கு (லேயர் முழுக்கப் பரந்த செம்புத் தகடு) இறங்கி, அங்கிருந்து போர்டு முழுக்கப் பரவ வேண்டும். பக்கத்தில் 14 சிக்னல் வயாக்கள் ஒரே வரிசையில் இருந்தன. ஒவ்வொரு வயாவைச் சுற்றியும் பிளேனில் சின்ன வட்டமாகச் செம்பு விலகியிருக்கும். வயாக்கள் நெருக்கமாக இருந்ததால் வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிளேன் நெடுக ஒரே வெட்டாகிவிட்டது. அந்த வெட்டை யாரும் வரையவில்லை, தானாக விழுந்தது. மூன்றாவது லேயர் துண்டு துண்டான பவர் பிளேன், அடி லேயரில் செம்பே குறைவு. வாய்க்காலின் குறுக்கே வரப்பு போட்டால் தண்ணீர் இந்தப் பக்கமே தேங்கும் அல்லவா? வெப்பமும் அப்படியே அந்த மூலையில் தேங்கிவிட்டது. மதிய வெயிலில் ரெகுலேட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது.

பல லேயர் போர்டுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். செம்பின் வெப்பக் கடத்தல் திறன் சுமார் 390 (மீட்டருக்கு, டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கில்). லேயர்களுக்கு நடுவே இருக்கும் எஃப்ஆர்-4 என்ற கண்ணாடியிழைப் பலகைக்கு வெறும் 0.3. ஆயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். 1.6 மி.மீ. போர்டில் 35 மைக்ரான் செம்பு நான்கு லேயரும் முழுதாக இருந்தால், பக்கவாட்டில் வெப்பம் ஓடும் திறன் சராசரியாக 34 வரும். மேலிருந்து கீழே அது 0.3ஐ ஒட்டியே நிற்கும். நூறு மடங்கு எளிதாகப் பக்கவாட்டில் ஓடுகிற வெப்பத்தைக் கீழே இறக்குவதற்குத்தான் வயா.

ஒரு வயா எவ்வளவு இறக்கும்? 0.3 மி.மீ. துளை, உள்ளே 25 மைக்ரான் செம்புப் பூச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து அடிவரை ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 190 டிகிரி தடை. 5க்கு 5 மி.மீ. வெறும் எஃப்ஆர்-4ம் கிட்டத்தட்ட அதே அளவுதான் தடுக்கும். ஒன்பது வயா போட்டால் 21 டிகிரிக்கு இறங்கிவிடும். தெர்மல் பேடின் (பாகத்தின் வெப்பத்தை வாங்கும் அடிப்பகுதிச் செம்பு) அடியில் வயாக்களை நெருக்கிப் போடுகிறோம் என்றால் காரணம் இதுதான். அதை டிரில் செலவாகப் பார்க்க வேண்டாம்.

வெப்பம் எப்படிப் பரவும் என்று கணினியில் முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷனில் சில மென்பொருள்களும் சில ஆலோசகர்களும் போர்டு முழுவதையும் ஒரே சராசரிப் பலகையாக எடுத்துக்கொள்வார்கள். பக்கவாட்டில் 34, கீழே 0.3, முடிந்தது. சீக்கிரம் விடை வரும். ஆனால் அந்த 14 வயா வெட்டு அதில் தெரியவே தெரியாது. அதனால் நாங்கள் ஒவ்வொரு லேயரின் செம்புப் படத்தையும் அப்படியே எடுத்து, சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் எங்கே செம்பு, எங்கே இல்லை என்று கொடுத்து ஓட்டுகிறோம். திரும்பி வந்த போர்டை அப்படி ஓட்டியபோது, வெட்டின் இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் நீலம் என்று கோடு கிழித்தாற்போல் தெரிந்தது. அரை நாள் வேலை. முன்பே செய்திருந்தால் உங்களில் ஒருவருக்கு ஒரு கோடை வீணாகியிருக்காது.

உள் லேயர் டிராக் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடு) பற்றியும் ஒன்று. உள்ளே போகும் டிராக்கை இரு மடங்கு அகலமாக்கச் சொல்லி இன்றும் பலர் கேட்கிறீர்கள். போர்டுகளுக்குத் தரம் வகுக்கும் ஐபிசி அமைப்பின் பழைய வரைபடம், உள் டிராக் வெளி டிராக்கில் பாதி மின்னோட்டம்தான் தாங்கும் என்றது. 2009ல் வந்த ஐபிசி-2152 அளந்தே காட்டியது: உள் டிராக் அவ்வளவு மோசமில்லை. எஃப்ஆர்-4 மோசமான கடத்திதான், ஆனாலும் அசையாத காற்றைவிடப் பத்து மடங்கு மேல். அந்த அகலத்தை கிரவுண்ட் பிளேனுக்கு விட்டுக் கொடுங்கள்.

சிமுலேஷன் சொல்லும் எண்ணில் ஐந்து பத்து டிகிரி முன்பின் இருக்கும். முதல் போர்டு வந்ததும் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) ஒட்டி அளந்து பார்ப்போம். வெப்பக் கேமராவில் நீங்களே பார்ப்பதாக இருந்தால், பளபளக்கும் செம்பிலும் ஈயத்திலும் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், உண்மையைவிட வெகு குறைவாகக் காட்டும். அங்கே கறுப்பு டேப் ஒட்டிவிட்டுப் பாருங்கள்.

அந்த பம்ப் போர்டை எப்படிச் சரிசெய்தோம் என்றால், வயா வரிசையை இரண்டாகப் பிரித்து நடுவே செம்புக்கு வழிவிட்டோம். ரெகுலேட்டரை மூலையிலிருந்து நடுவுக்கு நகர்த்தினோம். பிறகு வாடிக்கையாளரிடம் பேசி ரெகுலேட்டரையே மாற்றி, மிச்ச வோல்ட்டை வெப்பமாக விடாமல், மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி இறக்கும் ஸ்விட்சிங் வகை போட்டோம். 85 சதவீதத் திறன் என்றாலும் வெப்பம் 1.75 வாட்டிலிருந்து 0.22 வாட்டாகிவிடுகிறது. லேஅவுட் (போர்டில் பாகங்களை அடுக்கும் வேலை) தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசினால்தான் இந்த மாதிரி யோசனைக்கு இடம் இருக்கும்.

மொத்தமே அரை வாட் வெப்பம் விடும் திறந்த போர்டுக்கு இதெல்லாம் தேவையில்லை. அப்படியானால் வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். மற்றவர்கள் சர்க்யூட்டோடு சேர்த்து, சூடாகும் பாகம் ஒவ்வொன்றும் உண்மையில் ஓடும்போது எத்தனை வாட், எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும் என்று எழுதி அனுப்புங்கள். பெட்டியின் அளவு, தகரமா பிளாஸ்டிக்கா, காற்றுத் துளை உண்டா, போர்டு நின்றபடியா படுத்தபடியா என்பதும் வேண்டும். வரைபடம் இல்லையென்றால் பெட்டி மாட்டியிருக்கும் இடத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும், மதிய வெயிலில் எடுத்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
வடிவமைப்புப் பிரிவு, கோவை