இரத்ததான முகாமுக்கு முன்

அன்பு மகன்,

பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி 1951இல் தொடங்கியது, இப்போது 75 வயது, அதற்காக உங்கள் பாட்ச் இரத்ததான முகாம் வைக்கப்போகிறது என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம். ஆனால் நீ அனுப்பிய செலவுக் கணக்கில் பனருக்கு இருக்கிற காசு சாப்பாட்டுக்கு இல்லை. அதை மாற்று.

முதலில் நாள். வெள்ளிக்கிழமை வேண்டாம், எங்கள் சனத்தில் விரதக்காரர் அதிகம், வெறும் வயிற்றோடு வந்து படுத்தால் தலை சுற்றும். கந்தசஷ்டி நாட்களும் அப்படித்தான். பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வாரமும் வேண்டாம். அப்போது மூலைக்கு மூலை முகாம். ஒரேயடியாகச் சேருகிற இரத்தத்தை நெடுநாள் வைத்திருக்க முடியாது. செங்குழியத்தை ஐந்தாறு வாரம்தான் வைத்திருக்கலாம். பிளேட்லெட் என்கிற இரத்தத் தட்டுக்கள் ஐந்தே நாள். மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மருந்து ஏற்றுகிறவர்களுக்கு அது வருடம் முழுக்கத் தேவை. ஒருமுறை கொடுத்தவர் திரும்பக் கொடுக்க 4 மாதம் பொறுக்க வேண்டும். ஆகவே எந்த வாரத்தில் தட்டுப்பாடு என்று நாரஹேன்பிட்டி இரத்த வங்கியிடமே கேட்டுவிட்டு, பிறகு அதிபரிடம் மண்டபம் கேளுங்கள்.

கட்டில், பை, வைத்தியர், தாதியர் எல்லாம் இரத்த வங்கிக்காரர் கொண்டுவருவார்கள். மேசை, கதிரை, மின்விசிறி, தண்ணீர் எங்கள் பொறுப்பு. மாடி மண்டபம் கூடாது. கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் கூட்டிச் சொல்லாதே, அந்தக் கணக்குக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். பேர் தந்தவர் எல்லாரும் வரமாட்டார்கள், வந்தவரிலும் சிலரை வைத்தியர் திருப்பி அனுப்புவார்.

வயது 18 முதல் 60, நிறை 50 கிலோவுக்குக் குறையக்கூடாது, அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். உயர்தர மாணவரில் 18 நிரம்பியவர் கொடுக்கலாம். மற்றப் பிள்ளைகளைப் பதிவு மேசையிலும் தண்ணீர் கொடுக்கவும் வையுங்கள். அஸ்பிரின் குடித்தவர், பச்சை குத்தியவர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதையெல்லாம் முதல் வாரமே வாட்ஸ்அப்பில் போட்டுவிடு. வாசலில் வந்து திரும்பிப் போனவர் அடுத்த தடவை வரமாட்டார்.

மிக முக்கியமானது விழா. விளக்கேற்றல், வரவேற்புரை, பொன்னாடை, பிரதம விருந்தினர் என்று பத்தரை வரை இழுத்தால், ஏழு மணிக்குச் சாப்பிட்டவனுக்குப் பசி வந்துவிடும். எட்டரைக்கே முதல் ஆள் கட்டிலில் இருக்கட்டும். பேச்சை மத்தியானத்துக்கு வை, அல்லது வைக்காமலே விடு. கொடுக்கு முன் இரண்டு கிளாஸ் தண்ணீர். ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் எடுப்பார்கள், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு கால் மணித்தியாலம் கதிரையில் இருத்தி, இனிப்பான பானமும் பணிசும் கொடுங்கள். "எனக்கு ஒன்றுமில்லை" என்று உடனே மோட்டர் சைக்கிளில் ஏறுகிற வீரரை மறிக்கக் கேற்றடியில் ஒருவரை விடுங்கள்.

நீ வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய கையோடு கொடுக்க விடுவார்களா என்பது வைத்தியரின் முடிவு. விடாவிட்டால் பணிஸ் தட்டைத் தூக்கு.

அப்பா