பத்துக் குச்சி, ஒரு கட்டு

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

நாங்கள் நலம். சித்தப்பா வீட்டு விசேஷத்திற்குப் பிறகு மூன்று வாரமாக உன்னிடமிருந்து அழைப்பு இல்லை. பள்ளியில் மதிப்பீட்டு வேலை மிகுதியாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

2022இல் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கைவரச் செய்யும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, ஒரே வகுப்பறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிள்ளைகளைப் பிரித்துக் கணக்குச் சொல்லித்தருவது நடக்கிற காரியமா என்று உன்னிடம் வாதாடினேன். கொரோனாவால் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக் கிடந்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஈரிலக்க எண்ணையே படிக்கத் திணறும்போது, பாடத்தை மட்டும் முடித்து என்ன பயன் என்று நீ கேட்டாய். கேட்டது சரி. உன் வகுப்பைப் பற்றி ஊரில் நல்லவிதமாகப் பேசுகிறார்கள், காதில் விழுகிறது. ஆனாலும் வாய்ப்பாட்டை விட்டுவிடாதே. பொருள் புரிந்தபின் மனப்பாடமும் வேண்டும்.

2007-08இல், பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கற்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தபோது, நான் வேலை பார்த்த பள்ளிக்கும் கற்றல் படிகளைக் காட்டும் ஏணிப்படியும் பயிற்சி அட்டைகளும் வந்தன. ஆய்வு நாளில் மட்டும் அவற்றைத் தரையில் பரப்பிவிட்டு, மறுநாளே பீரோவில் பூட்டினேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அதற்கும் முன்பு, நீ மூன்றாம் வகுப்பில் என்னிடமே படித்தாய். 52இல் 27 போக 35 என்று சிலேட்டில் எழுதினாய். 2இல் 7 போகாததால் 7இல் 2ஐக் கழித்திருந்தாய். பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நான் ஓயாமல் சொன்னதைத்தான் செய்திருந்தாய். ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்காமல், அடிக்குச்சியால் உன் விரல் முட்டியில் அடித்து, பக்கத்தில் கடன் வாங்கத் தெரியாதா என்று கத்தினேன். 52 என்பது பத்துக் குச்சிக் கட்டு ஐந்தும், தனிக் குச்சி இரண்டும். ஐந்து கட்டில் ஒன்றை அவிழ்த்தால் நாலு கட்டும் பன்னிரண்டு குச்சியும் ஆகும்; அதில் இரண்டு கட்டும் ஏழு குச்சியும் எடுத்தால் இரண்டு கட்டும் ஐந்து குச்சியும் மிஞ்சும். அதில் கடன் எங்கே இருக்கிறது? அன்று அழுதுகொண்டே 25 என்று திருத்தி எழுதினாய். எனக்குப் பயந்து எழுதினாயே தவிர, புரிந்து எழுதவில்லை.

அப்படியிருந்தும், நீ குச்சிக் கட்டுகளை வைத்துச் சொல்லித்தருவதைப் பற்றி, குச்சியை வைத்து விளையாடுவதா கணக்கு என்று சித்தப்பா வீட்டு விசேஷத்தில் அத்தனை பேர் நடுவில் உன்னைக் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, அம்மா.

வாய்ப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே. தென்னை ஈர்க்கைச் சீவி, ஒரே அளவாக நறுக்கி, பத்துப் பத்தாக நூலால் கட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நாற்பது கட்டு ஆகியிருக்கிறது. உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று சொன்னால், மீதியையும் கட்டி வைப்பேன்.

அப்பா