தகரக் கூரையும் செவிப்புலன் சோதனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கைக்குழந்தைகளின் செவிப்புலனைத் தொலைவிலிருந்தே சோதிக்கலாம் என்றதும் தேயிலைத் தோட்டத்துப் பெற்றோர் முதலில் கேட்பது, "நடுவில் சிக்னல் போனால்?" என்பதுதான். போனாலும் பெரிய பாதிப்பில்லை. நெற்றியிலும் காதுகளின் பின்னும் ஒட்டும் மின்முனைகள் வழியே, ஒலிக்குச் செவி நரம்பு தரும் மின் அலைகளைப் பதிவது பிள்ளை பக்கத்திலேயே இருக்கும் கணினி. நகரத்து நிபுணர் அதைத் தூரத்திலிருந்து இயக்குகிறார், அவ்வளவே. பதிவு கெடுவது வேறு காரணங்களால்: தோலைச் சரியாகத் துடைக்காதது, பிள்ளை விழித்து அசைவது, தகரக் கூரையில் கொட்டும் மழை. ஆகவே தகரக் கூரை போட்ட பிள்ளை மடுவத்தைவிட (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) சீலிங் போட்ட அறையே நல்லது. வரும் வழியில் தூங்கவிடாமல், சோதனைக்குச் சற்றுமுன் பால் கொடுத்தால் பிள்ளை நன்றாக உறங்கும். (மலைப்பாதை பஸ்ஸில் வரும் தாய்க்கு இதைச் சொல்வது சுலபம், செய்வதுதான் கஷ்டம்!)

காதுக்குள் சிறுமுனை வைத்துச் செய்யும் முதற்கட்டச் சோதனையில் தேறாவிட்டால் காது கேட்காது என்று அர்த்தமில்லை. குறும்பி, நடுக்காதில் தேங்கிய நீர், பொருந்தாத ரப்பர் முனை, எதுவும் காரணமாகலாம். ஆனால் மறுசோதனை தள்ளிப்போகக்கூடாது. பிறந்து 3 மாதத்துக்குள் குறையை உறுதிசெய்து, 6 மாதத்துக்குள் காதுக் கருவி முதலிய உதவி தொடங்க வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை விட்டு வரும் தாய்க்கு, சோதனை செய்பவர்கள் அடுத்த திகதியை அப்போதே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் சிலர்,
ஹட்டன்