‘டேப்’ செய்யத் தெரிந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், தொழில்முறைச் சண்டை வீரர்களின் மனநிலை பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ‘வெறி’ என்ற சொல் மட்டும் எட்டு இடத்தில் வந்திருக்கிறது (எண்ணிப் பார்த்தேன், வேலையற்றவன் என்று நினைத்தாலும் பரவாயில்லை). பயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள், வலி உறைக்காதவர்கள், உயிரே போனாலும் விட்டுக்கொடுக்காதவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. 12 வருடம் ஜூடோ மெத்தையில் புரண்டு, அப்புறம் நாலு வருடம் சம்பளத்துக்குக் கலப்புச் சண்டையில் (குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்தது) கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போட்டு, இப்போது சாயங்காலங்களில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வர்ணனையில் என்னோடு பழகிய ஒருவருடைய முகம்கூடத் தட்டுப்படவில்லை. நல்ல வீரர்களிடம் நான் பார்த்த குணம் வேறு. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஜார்ஜ் செயின்ட் பியர் என்ற கனடா வீரரைக் கலப்புச் சண்டையின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர் என்று யாரும் தயங்காமல் சொல்வார்கள். அவரே பல பேட்டிகளில், ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் தனக்குப் பயமாக இருக்கும் என்றும், சண்டை போடுவது தனக்குப் பிடித்தமான காரியம் இல்லை என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2007 ஏப்ரலில் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத மேட் செர்ராவிடம் முதல் சுற்றிலேயே தோற்றுப் பட்டத்தை இழந்தார். அதற்குப் பிறகு அவர் செய்ததில் ஒன்று, ஒரு செங்கல்லில் செர்ராவின் பெயரை எழுதி வைத்திருந்து, மனம் தயாரானதும் அதை ஆற்றில் வீசியது. விளையாட்டு உளவியல் ஆலோசகர் சொல்லிக் கொடுத்த உத்தி அது. கேட்கச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் அடுத்த வருடம் ஏப்ரலில் அதே செர்ராவை வென்று பட்டத்தைத் திரும்பப் பெற்றார், அதன்பின் ஓய்வு பெறும்வரை தோற்கவே இல்லை, 2017இல் திரும்பி வந்து மேல் எடைப்பிரிவிலும் பட்டம் வாங்கினார். பழிவாங்கும் வெறியை வளர்த்துக்கொண்டு போயிருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். அவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனார்.

ஒழுக்கத்தைப் பற்றிக் கட்டுரையில் வந்ததெல்லாம் விடியற்கால ஓட்டமும் வியர்வையும்தான். ஓட்டம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் பெரும்பகுதி சலிப்பு. ஜூடோவில் முதலில் சொல்லித் தருவது விழுவதற்கு. உகெமி என்பார்கள். ஆளைத் தூக்கி எறியும் ஆசையோடு வந்த பையன் வாரக்கணக்கில் மெத்தையைக் கையால் அறைந்து விழுந்துகொண்டே இருப்பான். அப்புறம் உச்சிகோமி, அதாவது எறிவதற்கான நுழைவை மட்டும், எறியாமல், திரும்பத் திரும்பச் செய்வது. உலகச் சாம்பியனும் இதைத்தான் செய்கிறார், நேற்றுச் சேர்ந்தவனும் இதைத்தான் செய்கிறான். வித்தியாசம் என்னவென்றால், ஆயிரமாவது தடவையும் தன் இடது கால் எங்கே போகிறது என்று சாம்பியன் கவனித்துக்கொண்டிருப்பார். சண்டைத் தேதி குறித்தபின் எட்டு வாரம் ஒழுங்காக இருக்கிறவர்கள் நிறையப் பேர். தேதி எதுவும் இல்லாத, யாரும் கேள்வி கேட்காத மாதங்களில்தான் ஆளின் தரம் தெரியும்.

சும்மா இருப்பதும் இதில் ஒரு பயிற்சி என்றால் சிரிப்பார்கள். கலப்புச் சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி அமைப்பில் பட்டம் வென்ற மேக்ஸ் ஹாலோவே, பயிற்சியில் ஸ்பாரிங் (கூட்டாளியோடு நிஜச் சண்டை போல மோதிப் பார்ப்பது) செய்வதையே விட்டுவிட்டதாகச் சொன்னபோது பலரும் நம்பவில்லை. தலையில் விழும் அடிக்குக் கணக்கு இருக்கிறது, அதைப் பயிற்சிக்கூடத்தில் செலவழிக்கக் கூடாது என்பது அதற்குப் பின்னால் உள்ள நியாயம். குத்துச்சண்டை வீரர்களின் மூளை பாதிக்கப்படுவதை ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இலேயே எழுதிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் ‘தலையில் வாங்கி வாங்கித்தான் கெட்டிப்படும்’ என்று பயிற்சியாளர்கள் சிலர் பெருமையோடு சொல்வதைக் கேட்கிறேன். தலை கெட்டிப்படாது.

சரி, விட்டுக்கொடுக்காத குணத்துக்கு வருகிறேன். எதிராளி நம் மூட்டை மடக்கித் திருகிப் பிடிப்பதைப் பூட்டு என்போம். பூட்டு விழுந்தால் எதிராளியின் உடம்பிலோ மெத்தையிலோ தட்டி ஒப்புக்கொள்வதுதான் டேப். 1951இல் பிரேசிலில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா போட்ட பூட்டில் பிரேசில் ஜியு-ஜிட்சு வீரர் ஹெலியோ கிரேசியின் கை முறிந்தது. அப்படியும் கிரேசி தட்டவில்லை, அவர் தரப்பினர்தான் சண்டையை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டுக்கே இன்று கிமுரா என்றுதான் பெயர். இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கண் மின்னும், எனக்கும் ஒரு காலத்தில் மின்னியது. அதனால்தான் ஒரு சாதாரணப் பயிற்சி நாளில், என்னைவிட ஐந்து வயது சின்னவன் ஒருவன் போட்ட கைப்பூட்டுக்கு நான் தட்டவில்லை. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்களே! முழங்கையில் ஏதோ துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்தேன், நான் ஆட வேண்டிய போட்டியைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தேன், அந்தப் பையனோ குற்ற உணர்ச்சியில் கொஞ்ச நாள் பயிற்சிக்கே வரவில்லை. என் வீம்பால் இரண்டு பேருக்கு நஷ்டம்.

2004இல் கலப்புச் சண்டை வீரர்கள் டிம் சில்வியாவுக்கும் ஃபிராங்க் மிருக்கும் நடந்த பட்டச் சண்டையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மிர் கையைப் பூட்டினார், நடுவர் ஹெர்ப் டீன் பாய்ந்து நிறுத்தினார். சில்வியா தனக்கு ஒன்றுமில்லை என்று நின்று வாதாடினார், கூட்டம் நடுவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. உண்மையில் அவருடைய முன்கை எலும்பு முறிந்திருந்தது. மறுஒளிபரப்பைப் பார்த்தால் அது வளைவது தெரியும், மனத்திடம் இல்லாதவர்கள் பார்க்க வேண்டாம். சில்வியாவிடம் வீரத்துக்குக் குறைவில்லை. அந்த நிமிடம் அவருக்காக நிறுத்துவதற்கு இன்னொருவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான்.

ஜெயித்த பிறகும் நிறுத்த வேண்டியிருக்கிறது, அதுதான் இன்னும் கடினம். கெண்டோ என்ற ஜப்பானிய வாள்வீச்சில் ஸான்ஷின் என்று ஒன்று உண்டு, எதிராளியை அடித்த பின்னும் கவனம் கலையாமல் இருப்பது. புள்ளி கிடைத்த குஷியில் கையை உயர்த்தி ஆடினால் கொடுத்த புள்ளியையே நடுவர்கள் ரத்து செய்யலாம். எனக்குத் தெரிந்து விளையாட்டு விதிகளிலேயே அழகான விதி இதுதான். கலப்புச் சண்டை வீரர் கபீப் நூர்மகமதோவ் 29 சண்டைகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றவர், கட்டுப்பாட்டுக்கே உதாரணமாகச் சொல்லப்படுகிறவர். 2018 அக்டோபரில் கானர் மெக்ரிகரை நாலாவது சுற்றுவரை அணு அணுவாக அடக்கி ஜெயித்தார். ஜெயித்த சில நொடிகளில் கூண்டைத் தாண்டிக் குதித்து எதிராளியின் ஆட்கள் மேல் பாய்ந்தார். 5 லட்சம் டாலர் அபராதம், ஒன்பது மாதத் தடை. அவருடைய குடும்பத்தையும் மதத்தையும் இழுத்துப் பல வாரம் சீண்டியிருந்தார்கள் என்பது உண்மைதான், எனக்கும் அவர்மேல் அனுதாபம் உண்டு. ஆனாலும் அவ்வளவு பயிற்சி பெற்ற மனத்துக்கே கடைசி மணிக்குப் பிறகு கால் வழுக்கியது என்றால், வெறியை ஏற்றிவிட்டு ஒரு பதினாறு வயதுப் பையனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

இனி நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம். ‘ஒரே வாரத்தில் எட்டுக் கிலோ குறைத்த இரும்பு மனம்’ என்று பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். ஐயா, அது கொழுப்பு இல்லை, தண்ணீர். கீழ் எடைப்பிரிவுக்குள் நுழைவதற்காகப் போர்வைக்குள்ளும் நீராவி அறையிலும் உட்கார்ந்து உடம்பிலிருந்து பிழிந்தெடுத்த தண்ணீர். இதயமும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கின்றன, அடுத்த நாள் அந்த வற்றிய உடம்போடு தலையில் அடி வாங்கப் போகிறார்கள். 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் இப்படி எடை குறைக்கப் போய் இறந்தார்கள், அதன் பிறகுதான் அங்கே கல்லூரிப் போட்டிகளில் நீராவி அறையும் ரப்பர் உடையும் தடை செய்யப்பட்டன. 2015 டிசம்பரில் யாங் ஜியன் பிங் என்ற சீன வீரர், சண்டைக்கு முன் எடை குறைக்கும்போது இறந்தார், 21 வயது. அவர் ஆடவிருந்த ஒன் சாம்பியன்ஷிப் அமைப்பு அதற்குப் பின் விதியையே மாற்றியது. எடையோடு சேர்த்து உடம்பில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கிறதா என்றும் சிறுநீரைப் பரிசோதிக்கிறார்கள், இல்லையென்றால் தேற முடியாது. 2024இல் நம் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், எடையைக் குறைக்க இரவு முழுக்கப் போராடியும் 100 கிராம் கூடிப்போய் ஒலிம்பிக் இறுதிப்போட்டியை இழந்தபோது நாம் எல்லோரும் கண் கலங்கினோம், ஆனால் அந்த இரவு ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அந்தக் கட்டத்தைக் கத்தரித்து என் மாணவன் ஒருவன் கைப்பேசி உறைக்குள் வைத்திருக்கிறான். வயது 15. ஒரு எடைப்பிரிவு கீழே இறங்கினால் சுலபமாக ஜெயிக்கலாமே சார் என்று கேட்கிறான். வளருகிற பையன், நன்றாகச் சாப்பிடு, மேல் பிரிவிலேயே ஆடு, இரண்டு போட்டி தோற்றாலும் பரவாயில்லை என்று நான் சொன்னதற்கு, அவன் அந்தத் துண்டைத்தான் எடுத்துக் காட்டினான். அச்சில் வந்ததோடு நான் எப்படி மல்லுக்கட்டுவது? எடைக் குறைப்பின் ஆபத்தைப் பற்றி ஒரு விளையாட்டு மருத்துவரிடம் கேட்டு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவனிடம் கொடுக்க எனக்கு ஒரு துண்டு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன், ஒரு ஜூடோ பயிற்சியாளர்

பி.கு.: ‘கராத்தே வீரர்’ என்று குறிப்பிட்டு நீங்கள் போட்டிருந்த படத்தில் இருப்பவர் அணிந்திருப்பது டேக்வாண்டோ உடை. கழுத்தைப் பாருங்கள், ‘வி’ வடிவத்தில் தைத்திருக்கிறது.