புதுப்படகு ஊர் வந்து சேர ஒரு நீள ட்ரெய்லர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவுப் பயணம் செய்பவர்கள் இதை எப்போதாவது கண்டிருப்பார்கள். நாகப்பட்டினம், கடலூர் பக்கமிருந்து சென்னை நோக்கி வரும் லாரியின் மீது அந்த லாரியைவிட நீளமான புது ஃபைபர் படகு ஒன்று, அணியம் (படகின் முன்முனை) ஓட்டுநர் கூண்டுக்கு மேலே ஏறி நிற்க, பின்பாதி அந்தரத்தில் தொங்க, அதன் நுனியில் கட்டிய சிவப்புத் துணி படபடக்க வந்துகொண்டிருக்கும். சென்னைக் கடற்கரைக் குப்பங்களுக்குப் புதிய படகுகள் பல இப்படித்தான் வந்து சேர்கின்றன. காசிமேட்டில் பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் சரக்குக் கட்டும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்த வழக்கம் படகுக்கும் கேடு, சாலையில் செல்வோருக்கும் கேடு என்பதையும், இதற்கான தீர்வு மீன்வளத் துறையின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரையில் கட்டுமரங்கள் குறைந்து, அவற்றின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. கட்டுமரம் குப்பத்திலேயே கட்டப்பட்டு அங்கேயே கடலில் இறங்கியது. அதைத் தூர ஊரிலிருந்து ஏற்றி வரும் தேவையே எழவில்லை. ஃபைபர் படகு அப்படியல்ல. அச்சு வைத்து, கண்ணாடியிழைப் பாயை அடுக்கடுக்காக விரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் பிசின் ஊற்றி இறுக வைக்கும் தளங்கள் எங்கெங்கோ இருக்கின்றன. விலை, தவணை, கட்டும் கைப்பக்குவம் ஆகியவற்றைப் பார்த்து நம்மவர்கள் தென்மாவட்டங்கள் வரை போய் முன்பணம் கொடுத்து வருகிறார்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் போன்றவற்றில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம் என்று மானியம் கிடைப்பதும் புதுப்படகு வாங்குவதற்கு ஊக்கம் தருகிறது.

‘படகுதானே, கடல் வழியாகவே ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதானே’ என்று கடலை அறியாத நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. கட்டி முடித்த படகை மீன்வளத் துறையினர் பார்வையிட்டுப் பதிவு எண் வழங்கிய பிறகுதான் அது சட்டப்படி மீன்பிடிப் படகாகிறது. 2008-இல் மும்பைத் தாக்குதல் நடந்த பிறகு இந்த விதிகள் மிகவும் இறுகிவிட்டன. எண் எழுதாத படகோடு கடலில் வருபவர் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ரோந்துப் படகுக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். போதாக்குறைக்கு, ஒரு முறைகூட ஓடிப் பழகாத இன்ஜினை நம்பித் திறந்த படகில் நாகப்பட்டினத்திலிருந்து சென்னை வரை வருவதை அனுபவமுள்ள எந்தச் சம்மாட்டியும் (படகுக்காரரும்) ஏற்கமாட்டார். ஆகவே சாலை வழிதான்.

சிக்கல் அளவில் தொடங்குகிறது. இன்று நம் குப்பங்களில் பெரிதும் வாங்கப்படும் படகு ஏறத்தாழ 30 அடி நீளமுடையது. அகலம் பெரும்பாலும் 7 அடியைச் சுற்றியே இருப்பதால், சாலை வாகனத்துக்கு விதி அனுமதிக்கும் 2.6 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நீளம்தான் அடங்குவதில்லை. எளிதில் வாடகைக்குக் கிடைக்கும் ஈச்சர் வண்டிகளின் பாடி 17 அடி, 19 அடி என்ற அளவில் இருக்கிறது. அதில் படகை ஏற்றினால் 10 அடிக்கு மேல் வெளியே நிற்கும். அதைக் குறைப்பதற்காகத்தான் அணியத்தைக் கூண்டின் மேல் தூக்கி வைக்கிறார்கள். நாற்பது அடி ட்ரெய்லரில் வைத்தால் படகு முழுவதுமாக உள்ளே அடங்கி, முன்னும் பின்னும் இடம் மிஞ்சும். ஆனால் கன்டெய்னர் ஏற்றும் ட்ரெய்லர்காரர்கள், ஒன்றரை டன்கூடத் தேறாத ஒற்றைப் படகுக்காக நாகப்பட்டினம் வரை காலியாகப் போய்வர விரும்புவதில்லை; விரும்பினாலும் அவர்கள் கேட்கும் வாடகை மீனவருக்குக் கட்டுப்படியாவதில்லை.

படகுக்கு நேரும் கேடு வெளியே தெரிவதில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபைபர் படகு தண்ணீரில் மிதக்கும்போது அதன் அடிப்பரப்பு முழுவதையும் கடல் ஒரே சீராகத் தாங்குகிறது. லாரியில் ஏற்றியதும் அந்த எடை முழுவதும் இரண்டு மூன்று இடங்களில் போய் உட்காருகிறது. என் தம்பி மகன் சென்ற ஆண்டு வாங்கிய படகு காசிமேட்டில் கிரேனில் தொங்கியபோது, அதன் அடியில் நின்று ஏராவை (படகின் அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் நடுத்தண்டை) ஒட்டிக் கையால் தடவிப் பார்த்தேன். லாரிப் பாடியின் பின்விளிம்பு எந்த இடத்தில் முட்டுக்கொடுத்ததோ, சரியாக அந்த இடத்தில், குறுக்கே ஒரு சாண் அகலத்துக்கு மயிரிழை போன்ற கீறல்கள் ஓடியிருந்தன. கட்டுக் கயிற்றைக் கம்பு கொடுத்து முறுக்கி இறுக்கியிருந்ததால் பக்கவாட்டு விளிம்பில் கயிறு அழுந்திய தடமும் பதிந்திருந்தது. பழைய டயர்களை அடியில் போட்டுத்தான் ஏற்றினார்கள். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தொங்கும் பின்பாதி மேலும் கீழும் ஆடும்போது அந்த ஒரே விளிம்பில்தான் அத்தனை அடியும் விழுகிறது. மேற்பூச்சில் விழும் கீறல் வழியாக உப்புநீர் அடுக்குகளுக்குள் இறங்கும். பிசினும் இழையும் மெல்லப் பிரியும். ஓரிரு ஆண்டுகள் கழித்து அந்த இடம் மெத்தென்று ஆகும்போது, கட்டியவர் சரியாகக் கட்டவில்லை என்று பழி போடுவோம்.

சாலையில் செல்வோருக்கு நேரக்கூடிய ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நீண்டு நிற்கும் இரும்புக் கம்பிகளில் இருசக்கர வாகன ஓட்டிகள் மோதி உயிரிழந்த செய்திகளைத் தங்கள் நாளிதழிலேயே பலமுறை படித்திருக்கிறோம். படகு கம்பியைவிட மோசம் என்பேன். பின்னால் வருபவரின் கண் லாரியின் பின்விளக்கைத்தான் பார்க்கிறது. விளக்குக்கும் அவருக்கும் நடுவே, அவருடைய தலையின் உயரத்தில், பல அடி நீளத்துக்குப் படகு நீட்டிக்கொண்டிருப்பது கிட்டே நெருங்கும் வரை தெரிவதில்லை. சிவப்புத் துணி பகலில் உதவும். இரவில் அதனால் பயனில்லை. பகலில் கனரக வாகனங்கள் நகருக்குள் வரத் தடை நேரம் இருப்பதால், படகு ஏற்றிய வண்டிகள் பெரும்பாலும் இரவில்தான் சென்னையை நெருங்குகின்றன என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி, அனுமதித்த அளவுக்கு மேல் முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ உயரத்திலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். அந்தச் சரக்கை இறக்கி வைக்கும் செலவும் வண்டியை ஓட்டியவர் அல்லது ஓட்டச் செய்தவர் தலையில்தான் விழும். சரிசெய்யும் வரை வண்டியை நகர்த்தவும் முடியாது. முப்பது அடிப் படகை நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கே இறக்குவது, எதைக் கொண்டு இறக்குவது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. குறிப்பிட்ட சரக்குக்கு உரிய அதிகாரி விலக்கு ஆணை தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த ஆணையை வாங்கும் வழி, பெரிய மின்மாற்றியையும் காற்றாலை இறக்கையையும் ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்குத் தெரிந்த அளவுக்கு ஒரு மீனவருக்கோ அவர் அமர்த்தும் லாரிக்காரருக்கோ தெரிவதில்லை.

தெரிந்தாலும் அது அத்தனை எளிதன்று. நாகப்பட்டினத்திலிருந்து கடற்கரையை ஒட்டியே வரும் வண்டி முதலில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலைக் கடக்கிறது. பிறகு தமிழ்நாட்டுக்குள் வந்து, சீர்காழி, சிதம்பரம், கடலூர் தாண்டி, மறுபடியும் புதுச்சேரிக்குள் புகுந்து வெளியே வருகிறது. சுமார் 300 கிலோமீட்டர் தூரத்துக்குள் இரண்டு அரசுகளின் எல்லைகள் மாறி மாறி வருகின்றன. ஜி.எஸ்.டி. விதிகளையும் சொல்லியாக வேண்டும். சாதாரணச் சரக்குக்கான இ-வே பில் (சரக்கோடு செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டு), 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லும். மோட்டார் வாகன விதி 93 குறிக்கும் அளவை மீறிய, பிரிக்க முடியாத ஒற்றைச் சரக்கென்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள் தருகிறார்கள். அதாவது இப்படிப்பட்ட சரக்கு ஆமை வேகத்தில்தான் நகரும் என்பதை வரித்துறை புரிந்துகொண்டு விதி எழுதியிருக்கிறது. சாலையில் அதற்கான வசதியைச் செய்து தரத்தான் ஆளில்லை.

இந்த நெருக்கடியில் இளைஞர்கள் சிலர் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றைச் செய்து, படகை அதில் ஏற்றி, ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்து வருகிறார்கள். முயற்சியைப் பாராட்டலாம், ஆனால் செய்முறை தெரியாமல் இறங்கினால் இது லாரியைவிட ஆபத்தானது. ட்ரெய்லரும் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். அதைவிட முக்கியமானது பாரம் உட்காரும் இடம். மாட்டு வண்டி ஓட்டியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்களே, அதே கணக்குதான் இங்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கும் அதற்குச் சற்று மேலும் முன்புறக் கொக்கியில் இறங்க வேண்டும். இன்ஜினைப் படகின் பின்புறத்திலேயே மாட்டி வைத்து ஏற்றினால் பின்பாரமாகி, கொக்கி மேல்நோக்கித் தூக்கும். வேகம் கூடியதும் ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் சேர்த்துத் திருப்பிவிடும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய திறந்த வெளியிலும் பாலாற்றுப் பாலத்தின் மேலும் கடற்காற்று குறுக்கே அடிக்கும்போது இந்த ஆட்டம் இன்னும் சீக்கிரம் தொடங்கும். அப்போது சட்டென்று பிரேக் அடிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைத் தானாக இறங்கவிட வேண்டும். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ட்ரெய்லருக்குத் தனக்கென்று பிரேக் இல்லாவிட்டால், முன்னே நிற்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டே போகும். தேநீருக்கு நிற்கும் இடங்களில் சக்கரக் குடத்தருகே புறங்கையை வைத்துப் பார்த்தால் பேரிங் சூடாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இத்தனையையும் சொல்லிக் கொடுக்க இன்று யாருமில்லை என்பதால், நீண்ட தூரத்துக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். குப்பத்துக்கும் துறைமுகத்துக்கும் இடையே சிறிய படகுகளை நகர்த்துவதோடு அது நிற்கட்டும்.

மீன்வளத் துறைக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான். படகு கட்டும் தளங்கள் மிகுந்த நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி போன்ற மாவட்டங்களையும் சென்னையையும் இணைத்து, தாழ்வான தளமுள்ள நாற்பது அடி ட்ரெய்லர்கள் சிலவற்றைத் துறையோ மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் இணையமோ வாங்கி வாடகைக்கு விட வேண்டும். தளம் தாழ்வாக இருந்தால் மின்கம்பிகளுக்கும் மரக்கிளைகளுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஏராவை நீளவாக்கில் முழுவதும் தாங்கும் மரக்கட்டையும், இரு பக்கமும் படகின் வளைவுக்கேற்ப ஏற்றி இறக்கக்கூடிய ரப்பர் பதித்த தாங்கிகளும் அதில் நிரந்தரமாக இருக்க வேண்டும். கயிறு வேண்டாம்; அகலமான பெல்ட்டுகளை ராட்செட் கொண்டு இறுக்கினால் போதும், விளிம்பு வெட்டுப்படாது. படகுக்குள் மழைநீர் தேங்காதபடி அடித்துளையின் அடைப்பானைத் திறந்து வைப்பதும், காற்றில் கிழிந்து பறக்கும் தார்ப்பாயைத் தவிர்ப்பதும் ஓட்டுநருக்குக் கற்றுத்தர வேண்டிய சிறு விஷயங்கள்.

வண்டி காலியாகத் திரும்பும் செலவை எப்படிச் சமாளிப்பது என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். தென்பக்கம் போகும் நடையில் பழைய இன்ஜின்களையும் வலைச் சரக்கையும் பழுதுபார்க்க வேண்டிய படகுகளையும் ஏற்றலாம். முன்பதிவு முறை இருந்தால் ஒரே தளத்தில் படகு கேட்டிருக்கும் மீனவர்களுக்கு அடுத்தடுத்த நாட்களை ஒதுக்கித் தரலாம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருப்பதுபோல, இந்த ஃபைபர் படகுகளும் அடங்கும் நாட்டுப் படகுகளுக்கு இல்லை. ஆகவே இவற்றின் வரத்து ஆண்டு முழுவதும் இருந்துகொண்டே இருக்கும், வண்டியும் சும்மா நிற்காது. மானியத்தில் வாங்கும் படகுகளுக்கு இந்த வாடகையையும் படகின் விலையோடு சேர்த்துக் கணக்கிட்டால், குட்டை லாரியைத் தேடி எவரும் போகமாட்டார்கள்.

ட்ரெய்லர்கள் வந்து சேரும் வரை காத்திருக்காமல் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாடு, புதுச்சேரி போக்குவரத்துத் துறைகள் கலந்து பேசி, புதிய மீன்பிடிப் படகுகளை ஏற்றிச் செல்வதற்கென்று ஒரே விலக்கு ஆணைப் படிவத்தை மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலகங்களிலேயே கிடைக்கச் செய்யலாம். எவ்வளவு நீட்டல் வரை அனுமதி, பின்நுனியில் சிவப்பு விளக்கும் ஒளி திருப்பும் பட்டையும் எங்கே பொருத்த வேண்டும், எந்த நேரத்தில் நகருக்குள் வரலாம், காசிமேடு துறைமுக வாயிலில் எந்த இடத்தில் இறக்கலாம் என்பவை அந்தப் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருந்தால், சோதனையில் நிற்கும் காவலருக்கும் வண்டி ஓட்டி வருபவருக்கும் வாக்குவாதம் எழாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சாலைகள் பழுதாவதற்கு முன்பே இந்தப் படிவம் நடைமுறைக்கு வர மீன்வளத் துறை அமைச்சரும் ஆணையரும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
காசிமேடு, சென்னை